எளிய எண் இட்டுக் காணுதல்

கணக்கு என்று சொன்ன அளவில், மறைந்து நிற்கும் எண் ஒன்றைத் தேடிக் காண்பதே பெரும்பாலார் நினைவுக்கு வரும். பன்னிரண்டு மாம்பழங்களின் விலை தெரியும். ஒன்றின் விலை யாது? தந்தையின் வயது மகன் வயதைப்போல் மும்மடங்கு; இருவர் வயதும் சேர்ந்து 48; மகனுக்கு வயது என்ன? இத்தகைய வினாக்களில் எண் வெளிப்பட்டவுடன் கணக்கு முடிந்துவிடும். மேல் வகுப்புக் கணிதத்தில் இதனின் வேறான ஒருவகை வினா உண்டு. அங்கே மறைந்து நிற்பது எண் அன்று. எண்களை ஆளும் விதி. எந்த எண்ணைக் கொடுத்தால் எந்த எண் கிடைக்கும் என்று உரைக்கும் அவ்விதியையே கண்டு சொல்லுமாறு அவ்வினா கேட்கும். அவ்விதிக்குச் சார்பு என்பது பெயர். அதனைப் பற்றிய குறிப்பைத் தாங்கி நிற்கும் சமன்பாடு சார்புச் சமன்பாடு எனப்படும்.

சார்பினை ஒரு செக்கோடு ஒப்பிடலாம். செக்கில் எள்ளை இட்டால் நல்லெண்ணெய் வரும். கொப்பரையை இட்டால் தேங்காயெண்ணெய் வரும். எள்ளை இட்டபோது ஒருநாள் நல்லெண்ணெயும் மறுநாள் வேறோர் எண்ணெயும் வருவதில்லை. அதுபோலச் சார்பும் ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு ஓர் எண்ணைத் தரும்; ஒரே எண்ணுக்கு இருவேறு விடை தாராது. அ என்னும் எண்ணை இட்டால் கிடைப்பதனை ச(அ) என்று எழுதுவது ஈண்டு வசதியாகும். இட்ட எண்ணை இருமடங்காக்குவது ஒரு சார்பு. அதில் ச(3) என்பது 6. இட்ட எண்ணைத் தன்னாலேயே பெருக்குவது மற்றொரு சார்பு. அதில் ச(3) என்பது 9. சார்புச் சமன்பாட்டிலோ நிலைமை தலைகீழானது. செக்கு மூடிய அறைக்குள் இருக்கிறது. அதன் அமைப்பு தெரியாது. அது நடந்துகொள்ளும் முறையைப் பற்றிய செய்தி ஒன்று மட்டும் கதவில் எழுதப்பட்டுள்ளது. அச்செய்தியைக் கொண்டே உள்ளிருப்பது எத்தகைய செக்கு என்று சொல்லவேண்டும்.

இவ்வினாவை முதன்முறை காணும் மாணவர் திகைப்பது இயல்பே. இருபடிச் சமன்பாட்டுக்கு மனப்பாடம் செய்துகொள்ளத்தக்க சூத்திரம் உண்டு. இதற்கு அத்தகைய பொதுச் சூத்திரம் இல்லை. ஆகவே பலர் வினாவை ஒருமுறை படித்துவிட்டுத் தாளை வெறுமையாக விட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். ஆனால் தொடங்குவதற்குப் பெருங்கல்வி எதுவும் வேண்டியதில்லை. சமன்பாட்டிலுள்ள மாறிகளுக்குப் பூச்சியம் எனப்படும் சுழியை இட்டுப் பார்க்கலாம்; ஒன்றை இட்டுப் பார்க்கலாம்; இரண்டு மாறிகளையும் சமமாக்கிப் பார்க்கலாம். பிரதியிடுதல் எனப்படும் இச்செயலைச் சிலர் சிறுபிள்ளை வேலை என்று ஒதுக்குவர். வேறு சிலர் இதனையே முடிந்த முடிபாகக் கருதி, இரண்டு மூன்று எண்களுக்குப் பொருந்திய விடையை எல்லா எண்களுக்கும் உரியதென்று எழுதிவிடுவர். முன்னவர் கருத்தும் பிழை. பின்னவர் செயலும் பிழை. எளிய எண்ணை இட்டுக் காண்பது ஆராய்ச்சியின் நேர்மையான தொடக்கம். அத்தொடக்கம் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதனையும் உடன் அறிதல் வேண்டும்.

எடுத்துக்காட்டு ஒன்று இதனை விளக்கும். எல்லா எண்களுக்கும்

ச(அ) + 2ச(1 − அ) = 3அ

என்பது பொருந்துமாறு அமைந்த சார்பு யாது? பார்த்த அளவில் இதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் தென்படவில்லை. அ இருக்கும் இடத்தில் சுழியை இட்டுப் பார்த்தால், ச(0) + 2ச(1) = 0 என்று கிடைக்கிறது. ஒன்றை இட்டால், ச(1) + 2ச(0) = 3 என்று கிடைக்கிறது. இப்போது கையில் இருப்பவை கீழ் வகுப்பில் பழகிய இரண்டு சமன்பாடுகள். அவற்றில் மறைந்திருப்பவை ச(0), ச(1) என்னும் இரண்டு எண்கள். அவற்றைத் தீர்த்தால் ச(0) என்பது 2 என்றும் ச(1) என்பது −1 என்றும் வெளிப்படும். அரையை இட்டால் இன்னும் எளிது. ஒன்றிலிருந்து அரையைக் கழித்தால் அரையே எஞ்சுவதால், 3ச(½) = 3/2 என்றாகி, ச(½) என்பது ½ என்று ஒரே வரியில் கிடைத்துவிடும்.

மூன்று எண்களுக்கு விடை தெரிந்துவிட்டது. ஆயினும் விதி இன்னும் தெரியவில்லை. இங்கேதான் மாணவர் சற்று நின்று, தாம் செய்ததனைத் தாமே நோக்கவேண்டும். சுழியை இட்டபோது ஒன்று உடன் வந்தது. ஒன்றை இட்டபோது சுழி உடன் வந்தது. 3 ஐ இட்டால் −2 உடன் வரும். −2 ஐ இட்டால் 3 திரும்பி வரும். எண்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. அ என்ற எண்ணின் துணை 1 − அ. அதன் துணை மீண்டும் அ. ஆகவே சுழிக்கும் ஒன்றுக்கும் செய்ததனை எந்த இணைக்கும் செய்யலாம். அ உள்ள இடத்தில் 1 − அ என்பதனை இட்டால்,

ச(1 − அ) + 2ச(அ) = 3 − 3அ

என்று இரண்டாம் சமன்பாடு கிடைக்கும். இதனை இருமடங்காக்கி, அதிலிருந்து முதற் சமன்பாட்டைக் கழித்தால் 3ச(அ) = 6 − 9அ என்றாகும். எனவே ச(அ) = 2 − 3அ. இதில் சுழியை இட்டால் 2 வருகிறது. ஒன்றை இட்டால் −1 வருகிறது. அரையை இட்டால் ½ வருகிறது. முன்னே கண்ட மூன்றும் பொருந்துகின்றன. இவ்விடையை முதற் சமன்பாட்டில் திரும்ப இட்டுப் பார்த்தாலும் இடப்பக்கம் 3அ என்றே முடியும்.

நூல்களில் இக்கணக்குக்கு அச்சிட்டுள்ள விடை, 'அ இருக்கும் இடத்தில் 1 − அ என்பதனை இடுக' என்றே தொடங்கும். அஃது ஏன் தோன்றியது, எவருக்குத் தோன்றியது என்று ஒரு சொல்லும் இராது. படிக்கும் மாணவர், 'இவ்வளவு நுட்பம் எனக்குத் தோன்றாது' என்று சோர்ந்துபோவர். உண்மையில் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தவை சுழியும் ஒன்றுமே. ஏணியில் ஏறிச் சென்றவர் மேலே நின்றுகொண்டு ஏணியை எடுத்து ஒளித்துவிடுவது போன்றது இவ்வாறு விடை எழுதும் வழக்கம். சுருக்கமாக எழுதவேண்டும் என்னும் ஆசையால் நூலாசிரியர் செய்யும் இத்தீங்கு சிறிதன்று.

இனி, இவ்வாறு எண்ணை இடுவதற்கு உரிமை எங்கிருந்து வந்தது என்பதனை எண்ணிப் பார்க்கவேண்டும். 'எல்லா எண்களுக்கும்' என்று வினாவிலேயே ஒரு தொடர் நிற்கிறது. மாணவர் பலர் அதனை அலங்காரம் என்று கருதி விரைந்து கடந்துவிடுவர். வினாவின் உயிர் அத்தொடரில்தான் உள்ளது. எல்லாருக்கும் விருந்து என்று அழைத்தவர் ஒருவரை மட்டும் வாயிலில் நிறுத்த இயலாது. அதுபோல, எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று சொல்லப்பட்ட சமன்பாடு சுழிக்கும் பொருந்தியே தீரவேண்டும். ஆதலின் சுழியை இடுவது ஊகம் அன்று. வினாவில் சொல்லப்பட்டதனை அப்படியே எடுத்துக்கொள்வதாகும். வினாவில் 'சுழியல்லாத எண்களுக்கு' என்று இருந்தால் அவ்வுரிமை இல்லாது போகும். அப்போதும் சுழியை இட்டு எழுதுபவர் உண்டு. அவர் கணக்கில் தவறவில்லை, படித்தலில் தவறுகிறார்.

எளிய எண்களுக்கு ஏன் இவ்வளவு ஆற்றல்? கூட்டலில் சுழி தன் அடையாளம் இன்றி மறையும். பெருக்கலில் ஒன்று அவ்வாறே மறையும். இரண்டு மாறிகள் உள்ள இடத்தில் ஒன்றை மற்றதன் எதிர்மறையாக்கினால் அவற்றின் கூட்டுத்தொகை மறையும். மறைய வேண்டியவை மறைந்தால் மறைந்திருந்தது தெரியும். இலக்கணம் கற்கும் சிறுவரும் இவ்வாறே செய்கின்றனர். தனிக்குற்றெழுத்தை அடுத்து நிற்கும் மெய்யெழுத்து, வருமொழி முதலில் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது புணர்ச்சி விதி. இதனைப் புரிந்துகொள்ள நீண்ட தொடர் ஒன்றை எடுத்து அலைபவர் இலர். 'கண்', 'அழகு' என்னும் இரண்டு சிறு சொற்களைச் சேர்த்துக் 'கண்ணழகு' என்று கண்டவுடன் விதி வெளிச்சமாகிவிடும். சிறிய சொல்லில் வேறு ஆரவாரம் இல்லாமையால் விதி மட்டும் தனித்து நிற்கிறது. சுழியும் ஒன்றும் கணக்கில் அத்தகைய சிறு சொற்கள்.

இம்முறை பள்ளிக்கூட அளவில் நின்றுவிடுவதன்று. அனைத்துலகக் கணித ஒலிம்பியாடு என்னும் போட்டி 1959 இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்திய மாணவர் 1989 முதல் அதில் பங்கு பெறுகின்றனர். இரண்டு நாள், நாளொன்றுக்கு மூன்று வினா, ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம் என்பது அதன் ஒழுங்கு. 2019 இல் இங்கிலாந்து நாட்டுப் பாத் நகரில் நடந்த போட்டியில், நூறு நாடுகளுக்கு மேற்பட்டவற்றிலிருந்து வந்த மாணவர் முன் வைக்கப்பட்ட முதல் வினா ஒரு சார்புச் சமன்பாடே. முழு எண்ணை இட்டால் முழு எண்ணையே தரும் சார்பு; அ, இ என்னும் எல்லா முழு எண்களுக்கும்

ச(2அ) + 2ச(இ) = ச(ச(அ + இ))

என்பது பொருந்தவேண்டும், அத்தகைய சார்புகள் அனைத்தையும் காண்க என்பது வினா. வலப்பக்கத்தில் செக்கிலிருந்து வந்ததனையே மீண்டும் செக்கில் இடவேண்டியிருப்பது அச்சம் தரலாம். ஆயினும் அ என்பதற்குச் சுழியை இட்டால்,

ச(0) + 2ச(இ) = ச(ச(இ))

என்று கிடைக்கிறது. இருமுறை செக்கில் இடுவதனை ஒருமுறை இடுவதாக மாற்றிக்கொள்ள இது வழி காட்டுகிறது. அடுத்து, அ என்பதற்கு ஒன்றை இட்டால்,

ச(2) + 2ச(இ) = ச(ச(இ + 1))

என்றாகிறது. இதன் வலப்பக்கம் மீண்டும் இரட்டைச் செக்கு. அதனை முன்கண்ட வழியால் ச(0) + 2ச(இ + 1) என்று மாற்றி எழுதலாம். இரண்டையும் ஒப்பிட்டால்,

2ச(இ + 1) − 2ச(இ) = ச(2) − ச(0)

என்பது தெளிவாகும். இதன் வலப்பக்கத்தில் இ என்பதே இல்லை என்பதனை நோக்குக. அஃதாவது, எந்த முழு எண்ணிலிருந்து அடுத்த முழு எண்ணுக்குச் சென்றாலும் சார்பு ஏறும் அளவு ஒன்றே. படிக்கட்டின் படிகள் யாவும் ஒரே உயரம். எனவே சார்பு, ச(அ) = ம × அ + க என்னும் வடிவம் உடையதாதல் வேண்டும். இங்கே ம என்பது ஒரு படியின் உயரம். க என்பது சுழியை இட்டால் கிடைக்கும் எண்.

ம, க இரண்டும் எவை என்பது எஞ்சியுள்ளது. இவ்வடிவத்தைச் சமன்பாட்டில் இட்டு, அ + இ என்னும் கூட்டுத்தொகை சுழியாகும்போது என்ன நிகழும் என்று பார்த்தால் 2க = ம × க என்று வரும். அக்கூட்டுத்தொகை ஒன்றாகும்போது என்ன நிகழும் என்று பார்த்து, முன்னதனையும் பயன்படுத்தினால் 2ம = ம × ம என்று வரும். எனவே ம என்பது 2 ஆகவோ சுழியாகவோ இருக்கவேண்டும். ம சுழியாயின் க என்பதும் சுழி. ம இரண்டாயின் க எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம். ஆக, எதனை இட்டாலும் சுழியையே தரும் சார்பு ஒன்று; ச(அ) = 2அ + க என்னும் வகைச் சார்புகள் மற்றவை. தொடக்கத்திலும் சுழியும் ஒன்றும். முடிவிலும் சுழியும் ஒன்றும். உலகத்து மாணவர் ஒன்றுகூடும் அரங்கில் வைக்கப்பட்ட வினாவுக்கு வேண்டியிருந்த கருவிகள் இவ்வளவே.

ஆனால் இங்கே கணக்கு முடியவில்லை. சுழியையும் ஒன்றையும் இட்டுப் பெற்றவை, சார்பு இருக்குமாயின் இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்று சொல்வன. இவ்வாறு இருப்பது எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று அவை சொல்லவில்லை. அதனைத் தனியே சோதிக்கவேண்டும். ச(அ) = 2அ + க என்பதனை வினாவில் இட்டால் இடப்பக்கம் 4(அ + இ) + 3க என்று வரும்; வலப்பக்கமும் அதுவே. சுழிச் சார்புக்குச் சோதனை தேவையே இல்லாத அளவுக்கு எளிது. இச்சோதனைக்கு இரண்டு வரி போதும். ஆயினும் அவ்விரண்டு வரியை எழுதாமல் விடுபவர் பலர்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது யாவரும் அறிந்த பழமொழி. சமையலறையில் அது முற்றும் உண்மை. ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த பருக்கைகள் ஒத்தே இருக்கும். கணக்கில் அப்பழமொழி பாதியே உண்மை. ஒரு பருக்கை வேகவில்லை என்றால் பானைச் சோறு முழுவதும் வெந்தது என்று சொல்ல இயலாது என்பது உறுதி. ஓர் எண்ணுக்குப் பொருந்தாத விதியை உடனே தள்ளிவிடலாம். ஆனால் ஒரு பருக்கை வெந்திருப்பதால் எல்லாம் வெந்தன என்று கொள்ள இயலாது. நூறு எண்களுக்குப் பொருந்திய விதி நூற்றோராம் எண்ணில் தவறலாம்.

இதனினும் நுட்பமான குழி ஒன்று உண்டு. எல்லா எண்களுக்கும் ச(அ) × ச(அ) = அ × அ என்று ஒரு சமன்பாடு கொடுத்தால், ச(அ) என்பது அ ஆகவோ −அ ஆகவோ இருக்கவேண்டும் என்று மாணவர் எழுதுவர். அது சரியே. உடனே, 'ஆகவே விடைகள் இரண்டு; ஒன்று ச(அ) = அ; மற்றது ச(அ) = −அ' என்று முடித்துவிடுவர். அது பிழை. ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே தன் குறியைத் தேர்ந்துகொள்ளச் சமன்பாடு இடம் தருகிறது. 3 ஐ இட்டால் 3 ஐயும், 5 ஐ இட்டால் −5 ஐயும் தரும் சார்பும் இதற்குப் பொருந்தும். 'ஒவ்வொருவரும் காப்பியோ தேநீரோ அருந்தினர்' என்றால், எல்லாரும் காப்பியே அருந்தினர் அல்லது எல்லாரும் தேநீரே அருந்தினர் என்று பொருளாகாது. இதனைப் பேச்சில் யாரும் தவறவிடுவதில்லை. குறியீட்டில் எழுதியவுடன் கற்றவரும் தவறவிடுகின்றனர். கணிதத்துக்கும் மொழிக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் இக்குழியை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நன்று.

எண்ணை இட்டுக் காணும் முறை எங்கே நின்றுவிடும் என்பதற்குக் கடைவீதியிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். தள்ளுபடி இல்லாத கடையில் 2 கிலோ அரிசியும் 3 கிலோ அரிசியும் தனித்தனியே வாங்கினால் கொடுக்கும் விலை, 5 கிலோ ஒருசேர வாங்கினால் கொடுக்கும் விலைக்குச் சமம். இதனைச் சமன்பாடாக எழுதினால்

ச(அ + இ) = ச(அ) + ச(இ)

என்றாகும். இரண்டு மாறிகளுக்கும் சுழியை இட்டால் ச(0) என்பது அதன் இருமடங்குக்குச் சமம் என்று வரும். எனவே ச(0) என்பது சுழி. ஒன்றும் வாங்காதவர் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை. ஒரு கிலோவின் விலை வ என்றால், இரண்டுக்கு 2வ, மூன்றுக்கு 3வ என்று முழு எண்களுக்கெல்லாம் விடை கிடைக்கும். அரையும் அரையும் சேர்ந்து ஒன்றாதலின் அரைக் கிலோவுக்கு வ/2. கால் கிலோ நான்கு சேர்ந்து ஒன்றாதலின் காலுக்கு வ/4. முக்காலுக்கு அதன் மும்மடங்கு. இ என்பதற்கு −அ என்பதனை இட்டால் எதிர்மறை எண்களுக்கும் வழி பிறக்கும். வாங்கிய அரிசியைத் திருப்பிக் கொடுத்தவருக்குப் பணம் திரும்பி வரும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இவ்வாறு பின்னமாக எழுதத்தக்க எண்கள் அனைத்துக்கும் ச(அ) = வ × அ என்று உறுதியாகிவிடும்.

ஆனால் பின்னமாக எழுத இயலாத எண்களும் உண்டு. பக்கம் ஒன்றாக உள்ள சதுரத்தின் மூலைவிட்ட நீளமாகிய √2 அத்தகையது. ஒன்றில் தொடங்கி, கூட்டியும் பகுத்தும் எத்தனை முறை முயன்றாலும் √2 ஐ அடைய இயலாது. பாத் நகரத்து வினாவில் எல்லாம் முழு எண்கள். சுழியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி எந்த முழு எண்ணையும் சென்று சேரலாம். இங்கே படிகளுக்கு இடையே உள்ள வெளியில் எண்ணற்ற எண்கள் நிற்கின்றன. படிக்கட்டு அவற்றைத் தொடுவதில்லை.

பிரெஞ்சுக் கணித அறிஞர் அகஸ்டின் லூயி கோஷி, பாரிசு நகரத்து எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்க்கென 1821 இல் வெளியிட்ட பாடநூலில் இச்சமன்பாட்டையும் இதன் இனமான வேறு மூன்றையும் ஆராய்ந்தார். அவர் எண்களை இடுவதோடு நிற்கவில்லை. சார்பு தொடர்ச்சியுடையது, அஃதாவது இடும் எண்ணைச் சிறிதே மாற்றினால் வரும் எண் திடீரெனத் தாவாது என்னும் நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார். 1.4, 1.41, 1.414 என்று பின்னங்கள் √2 ஐ நெருங்க நெருங்க, அவற்றின் விலைகளும் √2 × வ என்பதனை நெருங்கும். தாவல் இல்லாமையால் √2 இன் விலை அதுவே. கடைக்காரருக்குத் தொடர்ச்சி என்னும் சொல் தெரியவேண்டியதில்லை. கூடுதல் அரிசிக்குக் குறைந்த விலை இல்லை என்று அவர் சொன்னாலே போதும். √2 கிலோவின் விலை 1.41 கிலோவின் விலைக்கும் 1.42 கிலோவின் விலைக்கும் நடுவே அகப்பட்டு, மேலும் மேலும் நெருக்கப்பட்டு, தப்ப இடமின்றி நின்றுவிடும்.

அந்நிபந்தனையைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐயமாகவே இருந்த இவ்வினாவுக்கு ஜெர்மானியக் கணித அறிஞர் கேயார்க் ஹாமெல் 1905 இல் விடை கண்டார். நிபந்தனை இல்லையேல் வேறு சார்புகளும் உண்டு என்று அவர் காட்டினார். அவற்றுள் ஒன்றன் புள்ளிகளைத் தளத்தில் குறித்தால், எங்கே எவ்வளவு சிறிய வட்டம் வரைந்தாலும் அதற்குள்ளும் ஒரு புள்ளி கிடக்கும். நேர்கோடாக நிற்கவேண்டியது தளமெங்கும் தூவிய மணல்போல் ஆகிவிடும். ஆகவே மெய்யெண்கள் அனைத்தையும் பற்றிய வினாவில், பின்னங்களுக்குக் கண்டதனை வைத்துக்கொண்டு 'எனவே எல்லா எண்களுக்கும்' என்று எழுதும் மாணவர், தாம் கடந்த வரியில் எவ்வளவு ஆழமான பள்ளம் இருந்தது என்பதனை அறியாமலே தாண்டிவிட்டார் என்பது பொருள். நல்லவேளையாக, வினா எழுதுவோர் பெரும்பாலும் தொடர்ச்சி போன்ற நிபந்தனையைத் தாமே கொடுத்துவிடுவர். கொடுக்கப்பட்ட நிபந்தனையைப் பயன்படுத்தாமலே விடை வந்துவிட்டதெனின், எங்கோ ஒரு வரி ஐயத்துக்கு உரியது.

பள்ளியில் இதனை எவ்வாறு கற்பிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முடிந்த விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதே காலத்தைச் சேமிக்கும் என்பர் சிலர். காலம் சேமிக்கப்படுவது உண்மையே. ஆனால் அவ்வாறு கற்றவர், எழுதிக் காட்டிய வினாவன்றி வேறு வினாவைத் தொடமாட்டார். வினாவை எழுதிவிட்டு, மாணவர் தாமே சுழியையும் ஒன்றையும் இட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் விடுவதே தக்கது. அவர்கள் தாளில் பயனற்ற வரிகள் சில தோன்றும், தோன்றட்டும். பயனற்ற வரி எது என்று தாமே உணர்ந்து அடிப்பதும் கல்வியின் ஒரு கூறே. திருத்தும் ஆசிரியரும் இதற்கேற்ப நடத்தல் வேண்டும். ஒலிம்பியாடில் ஒவ்வொரு வினாவுக்கும் 7 மதிப்பெண். விடையை மட்டும் ஊகித்து எழுதியவர்க்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. மெய்ப்பிக்கும் வழியில் உண்மையாகவே சில அடி நடந்தவர்க்கு ஒரு பகுதி கிடைக்கும். அதே நேர்மை வகுப்பறையிலும் இருக்குமாயின், 'சுழியை இட்டேன், இவ்வளவு கிடைத்தது, இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை' என்று எழுத மாணவர் அஞ்சமாட்டார். அவ்வாறு எழுதிய தாள், எங்கிருந்தோ மனப்பாடம் செய்து நிரப்பிய தாளினும் மதிப்புடையது.

கோஷி ஆராய்ந்த சமன்பாடுகளுள் மற்றொன்று ச(அ + இ) = ச(அ) × ச(இ) என்பது. இதில் இ என்பதற்குச் சுழியை இட்டால் ச(அ) = ச(அ) × ச(0) என்றாகும். ஆகவே ச(0) என்பது ஒன்று; இல்லையேல் சார்பு எல்லா எண்களுக்கும் சுழியையே தரும். இரண்டு மாறிகளையும் சமமாக்கினால், இச்சார்பு எதிர்மறை எண்ணை ஒருபோதும் தாராது என்பதும் ஒரு வரியில் தெரியவரும். ஓரிடத்தில் சுழியைத் தந்த சார்பு வேறிடத்தில் சுழியல்லாத எண்ணைத் தரக்கூடுமா? இதற்கு எதனை இட்டுப் பார்ப்பது என்பதனை மாணவரே தாளெடுத்து முயலலாம்.